இறகு மீட்டும் கம்பிகள்

ஹார்ப்சிகார்ட் இசையை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் தங்கச்சி மகளும் அதையே கேட்டாள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு வீணை படிக்கிறவள், காது கூர்மையானது. பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் ஒலிப்பதிவைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, எல்லாச் சுரமும் ஒரே சத்தத்தில வருதே. வாசிக்கிறவருக்குக் கோபமும் இல்ல, சந்தோஷமும் இல்லையா?" என்றாள்.

மிகச் சரியான இடத்தில் கைவைத்த கேள்வி. ஒரு கோப்பை பிளேன்டீக்குள் பதில் சொல்லி முடிக்க முடியாது; கேத்தலை மறுபடி அடுப்பில் வைக்க வேண்டிவரும். இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் பிடிபட்டுவிட்டால் முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசையின் பெரிய பகுதி ஒன்று நமக்குத் திறந்துகொள்ளும்.

முதலில் வாத்தியத்தின் உள்ளே பார்ப்போம். பியானோவில் கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்திய சுத்தியல் ஒன்று கம்பியை அடிக்கும். மெல்ல அழுத்தினால் மெல்ல அடிக்கும், ஓங்கி அழுத்தினால் ஓங்கி அடிக்கும். ஹார்ப்சிகார்டில் சுத்தியல் கிடையாது. ஒவ்வொரு கட்டையின் மறுமுனையிலும் ஜாக் என்ற ஒல்லியான மரத்துண்டு செங்குத்தாக நிற்கிறது. அதன் தலைப்பக்கத்தில் ஒரு சிறு நாக்கு. அந்த நாக்கில் பறவை இறகின் தண்டைச் சீவிச் செருகியிருப்பார்கள், பெரும்பாலும் அண்டங்காக்கையின் இறகு. விரல் கட்டையை அழுத்தும்போது ஜாக் எழும்பும், இறகு கம்பியை மீட்டிவிட்டு மேலே போகும். விரலை எடுத்தால் ஜாக் கீழே இறங்கும். அப்போது நாக்கு பின்பக்கமாக மடங்கிக் கொடுப்பதால் இறகு கம்பியை இரண்டாம் முறை மீட்டாமல் நழுவிவிடும். ஜாக்கோடு ஒட்டியிருக்கும் துணித்துண்டு கம்பியில் படிந்து ஒலியை நிறுத்தும். ஒரு சுரத்தின் பிறப்பும் இறப்பும் இவ்வளவுதான்.

ஆக, இந்த வாத்தியம் பார்வைக்குத்தான் பியானோவுக்கு உறவு. ஒலி பிறக்கும் விதத்தில் அது வீணைக்குச் சொந்தம். ஆனால் வீணையில் விரல் நேராகக் கம்பியைத் தொடுகிறது, அழுத்தி மீட்டலாம், மெல்ல மீட்டலாம். ஹார்ப்சிகார்டில் விரலுக்கும் கம்பிக்கும் நடுவே அந்த இறகுத்துண்டு நிற்கிறது. அது எவ்வளவு வளைந்தால் கம்பியை விடும் என்பது அதைச் சீவியவர் தீர்மானித்த விஷயம். ஓங்கி அடித்தாலும் மென்மையாகத் தொட்டாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். மருமகள் காதில் விழுந்தது அதுவே. பெரிய வாத்தியங்களில் இரண்டு மூன்று வரிசைக் கம்பிகள் இருக்கும். அவற்றில் ஒன்று ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். பிடியை இழுத்து அவற்றைச் சேர்க்கலாம், விலக்கலாம். அப்போதுகூட ஒலி படிப்படியாக ஏறுவதில்லை, ஒரே தாவலாகத்தான் மாறும்.

அக்கால மேதைகளுக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை. பாரிஸ் நகரின் பிரான்சுவா கூப்ரான் 1713இல் தன் ஹார்ப்சிகார்ட் உருப்படிகளின் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, முன்னுரையிலேயே இதை எடுத்துப் பேசினார். இந்த வாத்தியத்தில் ஒலியைப் பெருக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. அப்படியிருந்தும் இதற்கு உணர்ச்சி கொடுக்க வழி உண்டு என்பது அவர் கட்சி. 1716இல் ஹார்ப்சிகார்ட் வாசிப்புக் கலைக்கென்றே தனி நூல் எழுதி அந்த வழிகளில் இரண்டை விளக்கினார். ஒன்று, சுரத்தை அதன் முழு அளவுக்கு நீட்டாமல் கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிடுவது. மற்றது, சுரம் வரவேண்டிய நொடியில் வராமல் ஒரு கணம் தாமதித்து வருவது. வில் வாத்தியக்காரர் ஒலியைப் பெருக்கும் இடத்தில் ஹார்ப்சிகார்ட்காரர் இந்தத் தாமதத்தால் அதே உணர்வைக் காதுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் கூப்ரான்.

இந்த இசையைக் கேட்பதற்கான முதல் சாவி இங்கேதான் இருக்கிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் தேடாதீர்கள். நேரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். நல்ல ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஒருவர் ஒரு சுரத்துக்கு அழுத்தம் கொடுக்க நினைத்தால், அதற்கு முன் மயிரிழை அளவு இடைவெளி விடுவார். அந்த வெற்றிடத்திலிருந்து வரும் சுரம் காதில் பெரிதாக விழும். கனிவு வேண்டுமென்றால் ஒரு சுரம் அடங்குமுன் அடுத்ததைத் தொட்டுவிடுவார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழைந்து வரும். சத்தம் கூட வேண்டிய இடத்தில் இசையமைப்பாளரே கூடுதல் சுரங்களை எழுதியிருப்பார். மூன்று சுரமாக வந்த கோர்வை ஆறாகவும் எட்டாகவும் பெருகும், அதுவே முழக்கம். சத்தம் குறைய வேண்டிய இடத்தில் சுரங்கள் உதிர்ந்து இரண்டாகி ஒன்றாகும். எல்லாம் எழுத்திலேயே இருக்கிறது. அந்த எழுத்து எந்த வாத்தியத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அதில் வாசித்தால்தான் அது விளங்கும்.

இந்தக் கடைசி வரியை அலுவிகாரையில் உட்கார்ந்து சொல்வதற்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. மாத்தளையிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், ஊரைத் தாண்டிச் சில கிலோமீற்றரில் பாறைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர் விகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியாக ஓதி ஓதிக் காத்துவந்த திரிபிடகத்தை பிக்குகள் முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடம் இதுதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்த காலம். ஓதத் தெரிந்தவர்கள் செத்துப்போனால் ஓதலும் அவர்களோடு போய்விடும் என்ற பயம் அவர்களை எழுதவைத்தது. இன்றைக்கும் விகாரையில் தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்து, எழுத்து கறுப்பாக எழும்பி வருவதை வருகிறவர்களுக்குச் செய்துகாட்டுகிறார்கள். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. எழுதிவைத்தாலும் பயம் முழுக்கத் தீர்ந்துவிடாது என்பதற்கு அதுவும் சாட்சி.

ஓலையில் ஏறியது சொல். எந்த இடத்தில் மூச்சு விட்டார்கள், எந்த அசையை நீட்டினார்கள், எந்தக் குரலில் ஓதினார்கள் என்பது ஓலையில் ஏறவில்லை. ஓதுகிற ஆட்கள் தொடர்ந்து இருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. ஐரோப்பாவின் ஹார்ப்சிகார்டுக்கு அந்தத் தொடர்ச்சி அமையவில்லை. பாக் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அச்சிட்டது 1741இல். அப்போது மாத்தளை கண்டி அரசின் கீழ் இருந்தது. மதுரை நாயக்கர் வழியில் வந்த முதல் கண்டி அரசரான ஸ்ரீ விஜய ராஜசிங்கன் ஆண்டுகொண்டிருந்தார். கண்டி அரசு 1815இல் முடிவதற்குள் ஐரோப்பாவில் ஹார்ப்சிகார்டும் முடிந்துவிட்டது. 1700ஐ ஒட்டி பிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிரிஸ்டோஃபோரி உருவாக்கிய பியானோ மெல்ல மெல்ல வளர்ந்து எல்லா வீடுகளிலும் இடம் பிடித்துக்கொண்டது. ஹார்ப்சிகார்டுகள் பரணுக்கும் விறகுக்கும் போயின. வாசிக்கத் தெரிந்தவர்களின் வரிசை அறுந்தது. எஞ்சியது காகிதம் மட்டுமே.

காகிதத்திலிருந்து ஒலிக்குத் திரும்பும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. இங்கிலாந்தில் ஆர்னால்ட் டால்மெட்ஷ் பழைய வாத்தியங்களைச் செப்பனிட்டார், புதிதாகவும் செய்தார். போலந்தில் பிறந்த வாண்டா லாண்டோவ்ஸ்கா இந்த வாத்தியத்தைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனார். 1933இல் பாரிஸில் அவர் செய்த கோல்ட்பெர்க் ஒலிப்பதிவு உலகம் முழுக்கப் பரவியது. நான் அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர் வாசித்தது பியானோக் கம்பனியான பிளெயல் செய்த ஹார்ப்சிகார்ட். இரும்புச் சட்டம், கால்மிதிகள், பாக் எதிர்பாராத தடித்த கீழ்ஸ்தாயிக் கம்பிவரிசை எல்லாம் அதில் உண்டு. பியானோ தயாரிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் அறிவால் பழைய வாத்தியத்தைத் திருத்தியிருந்தார்கள். திருத்தத் திருத்த அதன் குரல் கனத்துப்போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். பழைய வாத்தியத்தைத் திருத்த நமக்கு என்ன தகுதி, முதலில் அதிலிருந்து கற்றுக்கொள்வோம் என்றார்கள். பொஸ்டன் நகரில் பிராங்க் ஹப்பார்டும் வில்லியம் டௌடும் 1949இல் பட்டறை தொடங்கினார்கள். ஜெர்மனியில் மார்ட்டின் ஸ்கவ்ரோனெக் தனியாக உழைத்தார். அருங்காட்சியகங்களில் கிடந்த வாத்தியங்களை அளந்து, மரத்தின் கனத்தையும் கம்பியின் உலோகத்தையும் பார்த்து, அதே போலச் செய்தார்கள். ஒலிப்பலகை மெலிந்தது, இரும்புச் சட்டம் போனது, குரல் திரும்பியது. அந்தக் குரலில் வாசிக்கத் தெரிந்த தலைமுறைக்கு முன்னோடி ஹாலந்தின் குஸ்தாவ் லியோன்ஹார்ட், 1928இல் பிறந்து 2012இல் மறைந்தவர். அவர் வாசிப்பில் ஒரு பகட்டும் இருக்காது. கூப்ரான் சொன்ன அந்தத் தாமதமும் இடைவெளியும் அவர் விரலில் எப்படிப் பேசுகின்றன என்பதைக் கேட்டால், உணர்ச்சி எங்கே என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மருமகள் இங்கே குறுக்கிட்டாள். "அப்ப பியானோவில வாசிக்கிறது பிழையா மாமா?" பிழை இல்லை, மகள். கனடாவின் கிளென் கூல்ட் 1955இல் பியானோவில் பதிவு செய்த கோல்ட்பெர்க்கைக் கேட்டுத்தான் லட்சக்கணக்கானவர்கள் பாக்கிடம் வந்தார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நூலின் முகப்பிலேயே, இது இரண்டு கட்டைவரிசை கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு என்று பாக் அச்சிட்டிருக்கிறார். சில வேரியேஷன்களில் இரண்டு கையும் ஒரே சுரப்பரப்பில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். மேல்வரிசையில் ஒரு கையும் கீழ்வரிசையில் மற்றக் கையும் இருந்தால் முட்டாது. ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் வேறு நிறம் என்பதால் இரண்டு இழையும் தனித்தனியாகக் காதில் விழும். பியானோவில் இரண்டு கையும் ஒரே வரிசையில் இடித்துக்கொள்ள வேண்டும், இழைகளைப் பிரித்துக் காட்ட வாசிப்பவர் வேறு வித்தை செய்ய வேண்டும். கூல்ட் செய்தார். பாக் எழுதியபோது அந்தச் சிக்கலே இல்லை.

இனி ஒலிப்பதிவின் உறைக்குள் இருக்கும் சிறு கையேட்டைப் பற்றி. இந்த வகை ஒலிப்பதிவுகளில் அதைப் படிக்காமல் விடக்கூடாது. யார் செய்த வாத்தியம், எந்த ஆண்டு, மூல வாத்தியமா அதன் நகலா, சுருதி என்ன, சுரங்களை எந்த முறையில் சேர்த்தார்கள் என்றெல்லாம் அதில் போட்டிருப்பார்கள். இத்தாலிய வாத்தியம் என்றால் பித்தளைக் கம்பி, ஒலி சட்டென்று தெறித்து விரைவில் அடங்கும். வேகமான உருப்படிகளுக்கு அது அழகு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வாத்தியம் என்றால் கீழ்ஸ்தாயி நீண்டு முழங்கும். லண்டனில் செய்தது என்றால் கம்பீரம். மூல வாத்தியம் என்றால் அது தொடாமல் காத்த பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்ட்வெர்ப் நகரின் ருக்கர்ஸ் குடும்பம் பதினேழாம் நூற்றாண்டில் செய்த வாத்தியங்களைப் பிரெஞ்சுக் கைவினைஞர்கள் நூறு வருடம் கழித்து அகலப்படுத்திக் கட்டைகளைக் கூட்டினார்கள். நல்ல நகல் ஒன்று சில நேரம் மாற்றப்பட்ட மூலத்தைவிட உண்மையாக இருக்கும். இறகிலும் இதே கதைதான்: இன்றைய வாத்தியங்கள் பலவற்றில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் முள்தான் மீட்டுகிறது. அது நெடுநாள் உழைக்கும். உண்மையான இறகு விரலுக்கு இன்னும் கொஞ்சம் இசைந்து கொடுக்கும் என்பது வாசிப்பவர்கள் பலரின் அனுபவம்.

சுருதி 415 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். இன்றைய பொது அளவு 440. நமது கணக்கில் 415 அதைவிட அரைக் கட்டை இறக்கம். ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவள் ஐந்துக்கு இறங்கியது போல. அக்காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறு. 415 என்பது இன்றைய கலைஞர்கள் வசதிக்காகப் பொதுவாக வைத்துக்கொண்ட நடு அளவு. பிரெஞ்சு இசைக்கு அதைவிடவும் இறக்கி வாசிப்பவர்கள் உண்டு.

சுரம் சேர்க்கும் முறைதான் இதையெல்லாம்விட முக்கியம், வீணை படிக்கிறவளுக்கு இதை நின்று நிதானித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தம்புராவைச் சரியாகச் சுருதி சேர்த்து மீட்டினால் மந்தர சட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். யாரும் அதை மீட்டவில்லை. தந்தியின் ஐந்தாவது அதிர்விலிருந்து அது பிறக்கிறது. அந்தக் காந்தாரத்தோடு இன்றைய பியானோவின் அல்லது கீபோர்டின் காந்தாரத்தை ஒப்பிட்டால் பின்னது கொஞ்சம் ஏறி நிற்கும். பன்னிரண்டு சுரத்தையும் சமதூரத்தில் வைத்தால் எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்தும் வாசிக்கலாம், ஆனால் காந்தாரம் எங்கேயும் தூய்மையாக இராது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பரவலாக இருந்த முறை காந்தாரத்தைத் தூய்மையாக வைத்தது. அதற்கு விலையாகச் சில ஆதார சுரங்களில் வாசிக்கவே முடியாதபடி பஞ்சமம் ஊளையிடும். பாக் காலத்தில் அந்தச் சமரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, எல்லா ஆதார சுரத்திலும் வாசிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1722இல் முடித்த வெல் டெம்பர்ட் கிளாவியரில் பாக் இருபத்துநான்கு மேஜர், மைனர் வகைகளிலும் ஒவ்வொரு ஜோடி உருப்படி எழுதியது அந்தப் பின்னணியில்தான். பழைய முறையில் சேர்த்த ஹார்ப்சிகார்டில் எளிய ஸ்வரக்கோர்வை ஒன்று வந்து நின்றால் அது அசையாமல் நிற்கும். நமது காது தம்புராவில் பழகியது என்பதால் ஐரோப்பியரைவிட நமக்கு அது சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஹார்ப்சிகார்டின் தங்கை ஒன்று உண்டு, கிளாவிகார்ட். சிறிய பெட்டி. கட்டையின் மறுமுனையில் ஒரு பித்தளைத் தகடு. அது கம்பியைத் தட்டி, விரல் இருக்கும்வரை கம்பியைத் தொட்டுக்கொண்டே நிற்கும். அதனால் விரலுக்கும் கம்பிக்கும் தொடர்பு அறுவதில்லை. மெல்ல அழுத்தினால் மெல்ல ஒலிக்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுரமே அசையும்! கட்டை வைத்த வாத்தியத்தில் கம்பிதம். ஜெர்மானியர்கள் இந்த அசைவை மிகவும் நேசித்தார்கள், பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவல் இதற்கென்றே உருப்படிகள் எழுதினார். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்து 1971வரை ஒதுக்கிவைத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கட்டையில் கமகம் வராது என்பது. கிளாவிகார்டைக் கேட்டிருந்தால் அந்த வழக்கில் இன்னொரு சாட்சி கிடைத்திருக்கும். அதன் குறை அதன் சத்தம்: பக்கத்து அறையில் பேசினாலே மூழ்கிவிடும்.

இந்த வாத்தியங்களுக்கும் நமக்கும் இவ்வளவு தூரம் என்று நினைத்திருந்தவளுக்கு அடுத்துச் சொன்னதுதான் வியப்பாக இருந்தது. ஹார்ப்சிகார்ட் இந்தியாவுக்கு வந்திருக்கிறது, இந்தியப் பாட்டையும் வாசித்திருக்கிறது. 1780களில் கல்கத்தாவிலும் லக்னோவிலும் காசியிலும் இருந்த கிழக்கிந்தியக் கம்பனிக் குடும்பங்கள் லண்டனிலிருந்து கப்பலில் இந்த வாத்தியங்களை வரவழைத்தன. ஈரக்காற்றில் மரம் ஊதும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி நாளுக்கு நாள் நழுவும். வெயில் காலத்தில் வீணையின் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும். காசியில் இருந்த பிரான்சிஸ் ஃபௌக் வட இந்திய வீணையான பீனைப் பற்றி வில்லியம் ஜோன்ஸுக்கு எழுதிய கடிதம் 1788இல் ஏசியாட்டிக் சொசைட்டியின் ஆய்வுத்தொகுதி முதலாவதில் வந்தது. தன் காதை மட்டும் நம்பாமல், பீனை ஹார்ப்சிகார்டோடு சுருதி சேர்க்கச் செய்து, சுரம் சுரமாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததாக அதில் எழுதியிருக்கிறார். மீட்டும் வாத்தியங்கள் இரண்டு ஒரே அறையில் ஒன்றுக்கொன்று சுருதி சேர்ந்து ஒலித்த நாள் அது.

சோபியா பிளௌடன் என்ற பெண்மணி லக்னோவில் பாடகிகளின் பாட்டைக் கேட்டுச் சுரப்படுத்தி, சொற்களையும் எழுதிவைத்தார். அவர் கேட்டவர்களில் புகழ்பெற்றவர் கானம் ஜான். பிளௌடனின் கையெழுத்துத் தொகுப்பு இப்போது கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1789இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் இப்படிச் சேகரித்த பாடல்களை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்ப அமைத்து, ஓரியன்டல் மிஸ்ஸெலனி என்ற பெயரில் அச்சிட்டார். ரேக்தா, தப்பா, தரானா என்று வகையும் போட்டார்.

அந்த அச்சுப்புத்தகத்தைப் பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கும். பாடகி இழுத்த இழுப்பும் குழைவும் ஐரோப்பியச் சுரக்கோட்டில் ஏறவில்லை. தாளம் அவர்கள் கணக்குப்படி கட்டம் கட்டப்பட்டது. பாட்டின் கீழே இடது கைக்கு அவர்கள் பழக்கப்படி துணைச்சுரங்கள் ஓடின. பியானோவில் இதை வாசித்தால் சாதாரண ஐரோப்பிய வீட்டு இசையாகவே போய்விடும். லண்டன் கலைஞர் ஜேன் சாப்மன் இந்தப் பாடல்களை ஹார்ப்சிகார்டில் பதிவு செய்தார், 2015இல் அது வெளிவந்தது. வாத்தியம், லண்டனில் ஜேக்கப் கிர்க்மன் 1772இல் செய்த மூல ஹார்ப்சிகார்ட். அதில் கேட்டபோது எனக்கு வேறொன்று விளங்கியது. கம்பி தெறிக்கும் அந்த ஒலி, ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து படியும் அந்த முழக்கம், சிறு உதறல்களின் கூர்மை. பேர்டும் பிளௌடனும் ஏன் இந்தப் பாட்டைத் தங்கள் வாத்தியத்தில் வாசிக்கலாம் என்று நம்பினார்கள் என்பது அப்போதுதான் புரிகிறது. அவர்கள் கையில் இருந்ததும் மீட்டும் கம்பிதான். காகிதம் மட்டும் மிஞ்சி வாத்தியம் தொலைந்திருந்தால் இந்த நியாயமும் தொலைந்திருக்கும். கானம் ஜானின் குரல் அதில் இல்லை, அது வேறு இழப்பு. அந்த வாத்தியம் இருப்பது லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில், தேயிலைப் பொட்டலம் விற்றுச் சேர்த்த பணத்தில் பிரெடரிக் ஹார்னிமன் 1901இல் திறந்த இடம். தேயிலை மலைக்காரர்களாகிய நமக்கு அந்தப் பெயரைக் கேட்டால் ஒரு நிமிடம் நின்று யோசிக்கத் தோன்றும்.

எழுத்தில் ஏறாததைப் பற்றிய கவலை அந்தப் பக்கம் மட்டும் இருந்ததில்லை. 1893இல் சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பியச் சுரக்குறியில் அச்சிடத் தொடங்கினார். அவர் தூண்டுதலும் சேர்ந்து, சுப்பராம தீக்ஷிதர் 1904இல் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்ஷினியை வெளியிட்டார். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி. சுரத்துக்கு மேலே அந்தக் குறி. கூப்ரான் 1713 தொகுப்பில் போட்ட அலங்காரக் குறிகளின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருவர் மனமும் ஒன்று என்பது தெரியும். 1722இல் தன் மூன்றாவது தொகுப்பின் முன்னுரையில் கூப்ரான் வருத்தப்பட்டார்: இவ்வளவு கவனமாகக் குறி போட்டும் வாசிக்கிறவர்கள் அதை மதிப்பதில்லையே என்று. அவர் உருப்படிகளை அக்கால வாத்தியத்தில் கேட்கும்போது அந்தச் சிறு உதறல்களைப் பூவேலை என்று ஒதுக்காதீர்கள். கம்பி சீக்கிரம் அடங்கிவிடுவதால் சுரத்தை உயிரோடு வைத்திருக்கும் வேலையை அவைதான் செய்கின்றன. வீணையில் நீண்ட காந்தாரத்தை வெறுமனே விட்டுவிடாமல் அசைக்கிறோமே, அதே காரணம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், லியோன்ஹார்டின் கோல்ட்பெர்க். முப்பது வேரியேஷனையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். முதலில் வரும் ஆரியாவை மட்டும் நாலைந்து தடவை கேளுங்கள், இடதுகை போகும் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் அந்த வழியின் மேலேதான் கட்டப்பட்டிருக்கிறது. அடுத்தது டொமெனிக்கோ ஸ்கார்லட்டியின் சொனாட்டாக்கள். 555 இருக்கின்றன, 1980களின் நடுவில் ஸ்காட் ராஸ் அத்தனையையும் பதிவு செய்தார். ஸ்பெயினில் வாழ்ந்த ஸ்கார்லட்டி அந்த ஊர்க் கிட்டார் தட்டலையும் மீட்டலையும் கட்டைக்குள் கொண்டுவந்தவர். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே பிடிக்கும். கூப்ரானை மூன்றாவதாக வையுங்கள், அவருக்குப் பொறுமை வேண்டும். பேர்டின் பாடல்களை ஜேன் சாப்மன் வாசிப்பில் அதற்குப் பிறகு கேட்டால்தான் அந்த வாத்தியத்தின் பழக்கவழக்கம் தெரிந்து கேட்பீர்கள்.

எதைக் கேட்டாலும் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஹார்ப்சிகார்ட் ஒரு கூடத்துக்குள் வாசிக்கிற வாத்தியம். ஒலிப்பதிவில் மைக்கைக் கிட்ட வைத்துப் பெரிதாக்கிவிடுவதால்தான் அது காதைக் குத்துகிறது, கட்டைகள் விழும் கடகட ஓசையும் மேலெழுகிறது. ஒரு வீணை இதே அறையில் எவ்வளவு ஒலிக்குமோ அந்த அளவுக்கு இறக்கினால் போதும், முதல் சில நிமிடங்களில் காது தானாக இறங்கி வந்து பழகிக்கொள்ளும். ரால்ஃப் கிர்க்பாட்ரிக் வெல் டெம்பர்ட் கிளாவியரை கிளாவிகார்டில் வாசித்த பதிவு கிடைத்தால் அதை இன்னும் இறக்கி, மழை இல்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள். ஐப்பசி மழை தகரக் கூரையில் விழுகிறபோது மாத்தளைப் பக்கம் எந்த வீட்டிலும் கிளாவிகார்ட் கேட்காது.